கண்ணுக்கான துளி வயிற்றுக்குள் போனால்

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு குப்பியைப் பற்றியாகும். கண்ணில் விடும் சொட்டு மருந்துக் குப்பி. மண்ணெண்ணெயைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கிறோம். களைநாசினியைக் கண்டால் விலகி நிற்கிறோம். ஆனால் கண் மருந்துக் குப்பியை அப்படி யாரும் அஞ்சுவதில்லை. கண்ணுக்கே விடக்கூடிய மருந்து வயிற்றுக்குள் போனால் என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்புத்தான் ஆபத்தின் வாசல்.

ஒரு காட்சியை மனத்திற்கொண்டு பாருங்கள். பலாங்கொடைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டம் என்றாலும் சரி. தோட்டச் சந்தியில் சிறு கடை நடத்தும் ஒரு குடும்பம். வீட்டில் உம்மும்மாவுக்குக் கண் அழுத்த நோய். கிளினிக்கில் கொடுத்த சொட்டு மருந்து, தஸ்பீஹ் மணியோடும் மூக்குக் கண்ணாடியோடும் அவருடைய தலையணைக்கு அருகில் இருக்கிறது. அஸர் தொழுகைக்கு வுளூச் செய்ய அவர் எழுந்து போகிறார். 2 வயதுப் பேரன் குப்பியை எடுத்து வாயில் வைத்துச் சப்புகிறான். உம்மா வந்து பார்க்கும்போது குப்பி ஈரமாகப் பாயில் கிடக்கிறது. பிள்ளை அழவில்லை, வாந்தி எடுக்கவும் இல்லை. கால் மணி நேரம் கழிய அவனுடைய கண்கள் செருகுகின்றன. “விளையாடிக் களைத்துவிட்டான், தூங்கட்டும், எழும்பியதும் பார்ப்போம்” என்று வீட்டார் முடிவு செய்கிறார்கள்.

இது இன்ன ஊரில் இன்ன நாளில் நடந்தது என்று சொல்வதற்கான சம்பவம் அன்று. எந்த வீட்டிலும், எந்த மாலைப் பொழுதிலும் நடக்கக்கூடிய ஒன்று. இதில் வீட்டார் செய்த பெரிய தவறு எது? குப்பியைத் தலையணை அருகில் வைத்தது ஒரு கவனக்குறைவு. ஆனால் உயிருக்கு உலை வைக்கக்கூடிய தவறு, “தூங்கட்டும்” என்று சொன்னதுதான். ஏனெனில், அந்தத் தூக்கமே நஞ்சின் முதல் அடையாளமாக இருக்கலாம். இன்றைய உரையில் வேறு எது மறந்துபோனாலும் இந்த ஒன்றை மறந்துவிடாதீர்கள்.

சிறு துளிக்குள் பெரும் வலிமை

கண் மருந்து ஏன் இவ்வளவு வலிமையுள்ளதாக இருக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். கண்ணில் விடும் ஒரு துளி முழுவதும் கண்ணுக்குள் நின்றுவிடுவதில்லை. அதைத் தாங்கிக்கொள்ள அங்கே போதிய இடம் கிடையாது. ஒரு பகுதி கன்னத்தில் வழிகிறது. இன்னொரு பகுதி, மூக்கோரத்தில் இருக்கும் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது. மருந்து விட்ட சிறிது நேரத்தில் தொண்டையில் கசப்பு தெரிவதன் காரணம் இதுவே. கண்ணில் தங்கும் மிகச் சிறிய அளவே வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், மருந்தைச் செறிவாகவே தயாரிக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஏறத்தாழ 20 துளிகள் சேர்ந்தால் 1 மில்லிலீற்றர். கண் அழுத்த நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் டைமோலோல் என்ற மருந்து 0.5 வீதக் கரைசலாக வருகிறது. அதன் 1 மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் மருந்து உண்டு. 5 மில்லிலீற்றர் குப்பியில் 25 மில்லிகிராம். இதே மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக வளர்ந்தவர்களுக்கு 10 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டதும் உண்டு. அப்படியானால், விரல் நீளமில்லாத அந்தக் குப்பிக்குள் வளர்ந்த ஒருவருக்கான இரண்டரை மாத்திரைகள் கரைந்து கிடக்கின்றன. அதைச் சப்புவதோ 12 கிலோ எடையுள்ள குழந்தை.

கண்ணைச் சோதிப்பதற்காகவும் சில கண் நோய்களுக்காகவும் விடப்படும் அட்ரோபின் 1 வீதக் கரைசலை எடுத்துக்கொண்டால், அதன் ஒரே ஒரு துளியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் மருந்து இருக்கிறது. வைத்தியசாலையில் வளர்ந்த ஒருவருக்கு ஊசியில் ஏற்றும் வழக்கமான அளவுக்கு அது கிட்டத்தட்டச் சமம். “கொஞ்சம்தானே குடித்தான்” என்ற பேச்சு இங்கே ஏன் பொருந்தாது என்பது இப்போது விளங்கும்.

எந்த மருந்து, என்ன அடையாளம்

கண் மருந்துகள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. கிருமியைக் கொல்லும் சொட்டு மருந்துகளும் கண் வறட்சிக்கான செயற்கைக் கண்ணீரும் சிறிதளவு வாய்க்குள் போனால் பெரும்பாலும் பாரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் பின்வரும் 4 வகைகளையும் நாம் அறிந்து வைத்திருப்பது அவசியம்.

முதலாவது, கண் சிவப்பை மாற்றும் சொட்டு மருந்துகள். டெட்ராஹைட்ரோசோலின், நாபசோலின் ஆகியவை இந்த வகை. மூக்கடைப்புக்கு விடும் ஒக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. கண்ணிலும் மூக்கிலும் இவை இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. அதனால் சிவப்பும் அடைப்பும் குறைகின்றன. வயிற்றுக்குள் போனாலோ, இரத்தத்தில் கலந்து மூளையை எட்டி அதன் விழிப்பை அடக்கிவிடுகின்றன. பிள்ளை சோர்ந்து உறங்கும். இதயத் துடிப்பு மெதுவாகும். உடல் குளிரும். மூச்சு ஆழமற்றுப் போகும்; சில வேளைகளில் நினைவும் தப்பும். பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே இவை தொடங்கிவிடும். கால் மணி நேரத்தில் தொடங்குவதும் உண்டு.

இரண்டாவது, கண் அழுத்த நோய்க்கான மருந்துகள். இவற்றில் பிரிமோனிடின் என்பது மேலே சொன்ன விதமாகவே பிள்ளையை உறக்கத்தில் ஆழ்த்தி மூச்சை மெதுவாக்கும். 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கண்ணில் விடுவதற்கே அது ஆகாது என்பது மருத்துவ விதி. டைமோலோல் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். இரத்தத்தில் சீனியின் அளவையும் இறக்கிவிடலாம். இழுப்பு நோயுள்ள பிள்ளைக்கு மூச்சிறைப்பை ஏற்படுத்தும்.

மூன்றாவது, கண்மணியை விரிக்கும் அட்ரோபின் போன்றவை. இங்கே அடையாளங்கள் மாறிவிடுகின்றன. முகம் சிவக்கும், தோல் காய்ந்து சுடும், வாய் உலரும், கண்மணி விரியும். பிள்ளை தன்னிலை மறந்து பிதற்றும், ஒரே இடத்தில் இராது. ஊமத்தங்காயைத் தின்ற பிள்ளையை எப்போதாவது பார்த்த பெரியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஊமத்தையிலும் இருப்பது இதே இனத்து நஞ்சுதான்.

நான்காவது, கண்மணியைச் சுருக்கும் பைலோகார்பின். இதை விழுங்கியவருக்கு எச்சில் ஊறி வழியும், வியர்வை கொட்டும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், இதயத் துடிப்பு குறையும்.

உலகம் கற்றுக்கொண்ட பாடம்

இது வெறும் அச்சமூட்டல் அன்று. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2012 ஒக்டோபரில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. 1985 முதல் 2012 வரை, கண் சிவப்புக்கான சொட்டு மருந்தையோ அதே குடும்பத்து மூக்கு மருந்தையோ தவறுதலாக உட்கொண்ட 96 பிள்ளைகளின் விபரம் அதன் பதிவில் இருந்தது. அவர்கள் 1 மாதம் முதல் 5 வயது வரையானவர்கள். அவர்களில் 53 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட வேண்டியிருந்தது. 1 அல்லது 2 மில்லிலீற்றர் உள்ளே போனாலே பாரதூரமான விளைவு நேரலாம் என்று அந்த எச்சரிக்கை கூறிற்று. ஒரு தேக்கரண்டியின் அரைவாசியும் இல்லாத அளவு அது.

அந்த 96 பிள்ளைகளில் ஒருவரேனும் இறந்ததாக அறிவிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். இதில் நமக்கு ஆறுதலும் இருக்கிறது, பாடமும் இருக்கிறது. மூச்சையும் இதயத்தையும் கண்காணிக்கக்கூடிய இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேரும் பிள்ளை பெரும்பாலும் நலமடைந்து வீடு திரும்புகிறது. வீட்டிலேயே “தூங்கட்டும்” என்று விடப்படும் பிள்ளைக்கு அந்தக் காவல் கிடைப்பதில்லை.

அதே 2012 டிசம்பரில், அந்த நாட்டின் நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு, இவ்வகை மருந்துகளின் குப்பிகளுக்குக் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடியைப் போட வேண்டும் என விதி செய்தது. உங்கள் வீட்டிலுள்ள குப்பியை இன்று எடுத்துத் திருகிப் பாருங்கள். இரண்டு விரலால் திறந்துவிட முடியுமானால், உங்கள் பிள்ளைக்கும் அது முடியும் என்று கொள்ளுங்கள்.

நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை

முதலாவதாக, குப்பியைப் பிள்ளையின் கையிலிருந்தும் வாயிலிருந்தும் எடுங்கள். மூடியும் கழன்றிருந்தால் அது வாய்க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத் துணியால் வாயைத் துடைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, மணிக்கூட்டைப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கண்டீர்கள் என்பதை ஒரு துண்டுத் தாளிலோ உங்கள் கையிலோ எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நேரம் மறந்துபோகும். வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளில் அதுவும் ஒன்று.

மூன்றாவதாக, குப்பியையும் அதன் பெட்டியையும் கையில் எடுங்கள். “கண் மருந்து” என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கு எதுவும் விளங்காது. மேலே கண்டபடி, ஒரு மருந்து துடிப்பைக் குறைக்கிறது, இன்னொன்று பிள்ளையைக் கொதிக்க வைக்கிறது. பெயரும் வீதமும் குப்பியில்தான் இருக்கின்றன. எவ்வளவு குடித்திருப்பான் என்று தெரியாவிட்டால், குப்பியில் குறைந்திருப்பது முழுவதும் உள்ளே போனதாகவே கணக்கிடுங்கள்.

நான்காவதாக, அடையாளம் தெரியும்வரை காத்திராமல் உடனே புறப்படுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அந்தச் சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆனால் நமது மலைத்தோட்டங்களின் நிலைமையை நாம் அறிவோம். லயத்திலிருந்து பெரிய வீதிக்கு வரவே நெடுநேரம் ஆகும் இடங்கள் உண்டு. ஆகவே அழைக்கும்போதே, எந்தச் சந்தியில், எந்தப் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ தொழிற்சாலைக்கோ அருகில் நிற்பீர்கள் என்று சொல்லி, முச்சக்கர வண்டியிலோ தோட்ட வாகனத்திலோ அந்த இடத்துக்கு இறங்கி வாருங்கள். தோட்ட வைத்திய உதவியாளர் பக்கத்தில் இருந்தால் போகிற வழியில் அவரிடம் காட்டலாம். அவருக்காகக் காத்திருந்து நேரத்தை இழக்க வேண்டாம்.

இரத்தினபுரி, கேகாலை நகரங்களின் பெரிய வைத்தியசாலைகளும், பலாங்கொடை, மாவனல்லை, கரவனல்லை ஆதார வைத்தியசாலைகளும் நமது மாகாணத்தில் இருக்கின்றன. உங்கள் தோட்டத்திலிருந்து எது கிட்ட, எந்த வழி மழைக் காலத்திலும் திறந்திருக்கும் என்பதை இன்றே தெரிந்து வையுங்கள். 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதையும் கண்டவர்கள் நாம். ஒரு வழி அடைபட்டால் மறு வழி எதுவென்று அறிந்திருப்பது இங்கே மேலதிகமான அறிவு அன்று.

ஐந்தாவதாக, ஆலோசனை கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் 1988 முதல் இயங்கி வருகிறது. அதன் தொலைபேசி எண் 011 2686143. வாகனத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே ஒருவர் அழைத்துக் கேட்கலாம். இந்த எண்ணை ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் அழைத்து உறுதி செய்துகொண்டு, வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள். ஆபத்து வந்த பிறகு எண்ணைத் தேடுவது, தீப்பிடித்த பின் கிணறு வெட்டுவதைப் போன்றது.

பிள்ளை உறங்கத் தொடங்கியிருந்தால் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை சற்றுப் பின்சாய்ந்திருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். வாந்தி வந்தாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகாமல் வெளியே வழிந்துவிடும். நெஞ்சு ஏறி இறங்குவதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். மூச்சு நின்றுவிட்டால், தெரிந்தவர் உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சு அழுத்தமும் கொடுக்க வேண்டும். நமது இளைஞர்கள் இந்தப் பயிற்சியைப் பெற்றுக்கொள்வது ஊருக்குச் செய்யும் பெரிய உபகாரமாகும்.

செய்யக் கூடாதவை

நஞ்சு உள்ளே போய்விட்டது என்றதும் நமது கை தானாகத் தேடுவது வாந்தி எடுக்க வைப்பதற்கான வழியைத்தான். விரலைத் தொண்டைக்குள் விடுவோம், உப்புத் தண்ணீர் பருக்குவோம், தேங்காய்ப் பால் கொடுப்போம், தேசிக்காய் பிழிந்து ஊற்றுவோம். எல்லாம் அன்பினால் செய்பவைதாம். ஆயினும், உறக்கத்தில் அமிழும் பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தால் அந்த வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். தவிரவும், திரவ மருந்து வயிற்றில் நெடுநேரம் தங்காமல் விரைவாக இரத்தத்தில் கலந்துவிடுவதால், வாந்தி எடுத்தாலும் பெரிய பயன் கிடையாது. உப்புத் தண்ணீரோ தானே ஒரு நஞ்சாகிச் சிறு பிள்ளைக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும்.

ஒரு காலத்தில் மேலை நாடுகளிலும் வாந்தி மருந்தை வீட்டில் வாங்கி வைக்கச் சொன்னார்கள். அதனால் நன்மையில்லை என்று கண்டு, 2003இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் அந்த மருந்தை வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அறிவித்தது. நமது நாட்டில் அநுராதபுரப் பகுதியில் நஞ்சுண்ட பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் செய்த ஆய்வும், வைத்தியசாலைக்கு வருமுன் வீட்டில் செய்யப்படும் தீங்கான முதலுதவியைக் கவலையோடு எடுத்துக்காட்டியது. அறியாமல் செய்ததை அறிந்த பின் கைவிடுவது குறைவு அன்று.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்றதும் ஓதி ஊதிய தண்ணீரைப் பருக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஓதுங்கள், வாகனத்தில் போகும் வழியெல்லாம் ஓதுங்கள். அல்லாஹ்விடம் கையேந்துவதை எவரும் தடுக்க முடியாது. ஆனால் கண் செருகிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது எந்தத் தண்ணீராயினும் மூச்சுக்குழாய்க்குள் போனால் மூச்சை அடைக்கும். தவக்குல் என்பது முயற்சியைச் செய்துவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைப்பதாகும். துஆவும் வண்டியும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

வைத்தியசாலையில்

பெரும்பாலான இந்த நஞ்சுகளுக்குத் தனியான மாற்று மருந்து என்று ஒன்றில்லை. வைத்தியர்கள் துடிப்பையும் அழுத்தத்தையும் மூச்சையும் தொடர்ந்து கவனித்து, தேவைக்கேற்ப மருந்தேற்றி, தேவைப்பட்டால் மூச்சுக்கும் துணை செய்து, நஞ்சு வடியும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். கண் சிவப்பு மருந்தைக் குடித்த பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடுவார்கள். “பிள்ளை இப்போது நன்றாக விளையாடுகிறதே” என்று சொல்லி இடையில் துண்டு வெட்டிக்கொண்டு வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். சில மணி நேரம் கழித்து அடையாளம் காட்டும் மருந்துகளும் உண்டு.

அங்கே உண்மையை முழுமையாகச் சொல்லுங்கள். உம்மும்மாவின் மருந்து என்று சொன்னால் அவருக்குப் பழி வருமே, மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் வருமே என்று மறைப்பவர்கள் உண்டு. “என்ன சாப்பிட்டதென்று தெரியாது” என்ற ஒரு சொல் வைத்தியரை இருட்டில் தேட வைத்துவிடும். பழி சொல்லும் நேரம் அது அன்று. வீடு திரும்பிய பிறகும் முதியவரைக் குத்திப் பேசாதீர்கள். பார்வை மங்கிய ஒருவர் தமக்கு எட்டும் இடத்தில் மருந்தை வைத்துக்கொள்வது இயல்பு. அதற்குப் பாதுகாப்பான இடத்தை ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள மற்றவர்கள்தாம்.

கண்ணுக்குள் தவறான துளி

இதன் மறுபக்கமும் உண்டு. கண் மருந்து வாய்க்குள் போவதைப் போலவே, கண்ணுக்குரியதல்லாத துளி கண்ணுக்குள் போவதும் நேர்கிறது. காது மருந்துக் குப்பியும், உடனே ஒட்டும் பசைக் குப்பியும், கண் மருந்துக் குப்பியும் கையில் ஒரேவிதமாகவே தட்டுப்படுகின்றன. இரவில் மின்சாரம் இல்லாத வேளையில், அரைத் தூக்கத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடுவது எளிது.

அப்படி நேர்ந்தால் முதல் மருந்து தண்ணீர். குழாயடியிலோ செம்பாலோ, தூய தண்ணீரை மெதுவாக, 15 முதல் 20 நிமிடம் வரை கண்ணில் ஓடவிடுங்கள். பாதிப்புற்ற கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொண்டால் மறு கண்ணுக்குள் அது வழியாது. தாய்ப்பாலோ மூலிகைச் சாறோ வேறு மருந்தோ விடாதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். பசை பட்டு இமைகள் ஒட்டிக்கொண்டால் பலவந்தமாகப் பிரிக்க வேண்டாம். கழுவி, ஈரமான சுத்தத் துணியால் மூடி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இறப்பர் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு இது இரட்டிப்பான எச்சரிக்கை. இறப்பர் பாலை உறைய வைக்கும் போமிக் அமிலத்தைப் பழைய மருந்துக் குப்பியிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வையை அழிக்கும். குடித்தால் குடலையே வெந்துபோகச் செய்யும். அங்கேயும் வாந்தி எடுக்க வைப்பது பெருந்தீங்காகும். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போதும் சுடும்.

கண்ணுக்கு இடும் இன்னொரு பொருளையும் இந்த இடத்தில் நினைவூட்டுவோம். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சுர்மா இடுவதுண்டு. சந்தையில் சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பொடிகளில் ஈயம் கலந்தவை இருப்பதை உலகின் பல பகுதிகளில் செய்யப்பட்ட பரிசோதனைகள் காட்டியுள்ளன. கண்ணைக் கசக்கிய கையைப் பிள்ளை வாயில் வைக்கும்போது அந்த ஈயம் சிறுகச் சிறுக உடலில் சேர்ந்து, வளரும் மூளையைப் பாதிக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியைப் பச்சிளங் குழந்தையின் கண்ணில் இடாதிருப்பதே பாதுகாப்பு.

வருமுன் காத்தல்

லய வீடுகளில் அலுமாரி எல்லாருக்கும் கிடையாது. இருக்கும் ஓரிரு அறைகளிலேயே சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கின்றன. ஆயினும், கூரைச் சட்டத்துக்குக் கீழே ஓர் ஆணியடித்து, மூடியுள்ள ஒரு சிறிய பெட்டியைத் தொங்கவிட எவராலும் முடியும். வீட்டிலுள்ள எல்லா மருந்துக்கும் அதுவே இடமாகட்டும். சில கண் மருந்துகளைக் குளிரூட்டியில் வைக்கச் சொல்வார்கள். அப்படியானால் மேல் தட்டில், மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். தயிர்க் கோப்பைக்கும் இனிப்புக்கும் பக்கத்தில் வேண்டாம்.

மருந்து விடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள். எடுப்பவர், விடுபவர், மீண்டும் வைப்பவர் மூவரும் ஒருவரே என்றால் குப்பி இடையில் பாயில் தங்காது. துளியை விட்ட பின் மூக்கோரத்துக் கண் மூலையை ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால், மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும், பயனும் கூடும். மருந்து என்று சொல்லாமல் “இனிப்பு” என்று சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். குப்பியை விளையாடக் கொடுக்காதீர்கள். திறந்து ஒரு மாதம் கடந்த குப்பிகளையும் சிகிச்சை முடிந்து எஞ்சியவற்றையும் வைத்திருக்காமல் மருந்தகத்தில் கேட்டு அகற்றிவிடுங்கள். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் பிள்ளையை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், பராமரிப்பவரின் கைப்பைக்குள் இருக்கும் மருந்தையும் இவ்வாறே கவனிக்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் லயத்தில், உங்கள் தெருவில், கண் மருந்து பாவிக்கும் முதியவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். அவர் முஸ்லிமா, இந்துவா, கிறிஸ்தவரா, சிங்களவரா என்று பார்க்க வேண்டாம். குப்பிக்கு ஓர் இடம் ஒழுங்கு செய்து கொடுங்கள். சுவரில் இரண்டு எண்களை எழுதி வையுங்கள். இரவிலும் வண்டி எடுத்து வரக்கூடியவரின் எண்ணை மூன்றாவதாக எழுதுங்கள். ஓர் அந்திப் பொழுதில் அந்த வீட்டுப் பிள்ளையின் கண்கள் செருகும்போது, “தூங்கட்டும்” என்று ஒருவர் சொன்னால், “இல்லை, தூக்கிக்கொண்டு புறப்படுங்கள்” என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

பிள்ளைகள் நமது கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். முதியவர்களின் பார்வையும் அவ்வாறே. இரண்டையும் காக்கும் அறிவையும் வலிமையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! வஸ்ஸலாம்.